நிரையை விட்டு யாரும் இறங்கவில்லை

என்னை இடுப்பில் சுமந்த அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் கால் வழுக்கி, கூடையோடு பள்ளத்து ஓடையில் விழுந்தாய். தொடை எலும்பு முறிந்தது. கத்தினாய். அந்த மலையில் உன்னோடு நாற்பது பேருக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கக் கொம்பு ஊதிய பிறகுதான் இறங்கினார்கள். அதற்குள் குளிர்ந்த தண்ணீரில் கிடந்து விறைத்துப் போயிருந்தாய். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய். கொஞ்சம் முன்னால் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா என்னிடமே சொன்னார்.

பதினாறாம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்க ஒரு பாட்டுக் கட்டித் தருகிறேன் என்று பதுளைக் கடைவீதியில் ஒருவர் வந்தார். 'மலர் உதிர்ந்ததே, மதி மறைந்ததே' என்று ஆரம்பித்தார். மலரும் உதிரவில்லை, மதியும் மறையவில்லை, என் அக்காவைச் சாகவிட்டார்கள், அதைப் பாட முடியுமானால் பாடும் என்றேன். வெற்றிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். பதினாறாம் நாள் கடந்துவிட்டாலும் அச்சடித்துக் கொடுக்கப் போவது இதைத்தான். உனக்குச் சொல்வதை ஊரும் படிக்கட்டும்.

முதல் கோபம் உன் மேல்தான். எத்தனை தரம் கூப்பிட்டேன்? பதுளையில் என் கடைக்குப் பின்னால் இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். நீ என்ன சொன்னாய்?

"ஒங் கடையில மூட்டையும் பொட்டியுந்தான்டா இருக்கு. எனக்கு ஒண்ணுன்னா மொளகா மூட்டையா எந்திரிச்சு வரும்? இங்க லயத்துல நான் தும்முனாப் போதும், நூறு சனம் எட்டிப் பாக்கும்."

எட்டிப் பார்த்தார்கள் அக்கா. நீ சொன்னதில் தப்பில்லை. எட்டிப் பார்த்தார்கள்.

கூட்டம் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவன் செய்கிற கூட்டல் அது. மனிதர்கள் கூடும்போது அந்தக் கூட்டல் பொய்த்துவிடுகிறது. எப்படிப் பொய்க்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் தூங்குவதாக இல்லை.

காரியம் முடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு, நீங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. கும்பலாக நிற்கும்போது ஒருத்தர் முகத்தைப் பார்த்துத்தான் இன்னொருத்தர் வாய் திறப்பார். சந்தையில் சரக்கு எப்படி இருக்கிறது என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால் எவனும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டான், தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டால் சொல்வான். அதே வழியைப் பிடித்தேன். ஒவ்வொரு வாசலாகப் போய் உட்கார்ந்தேன்.

உனக்குப் பக்கத்து நிரையில் நின்ற காத்தாயி அழுதுகொண்டே சொன்னாள். "சத்தம் கேட்டுச்சு தம்பி. கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். யாரோ விழுந்துட்டாங்களோன்னு பயந்தேன். நிமுந்து பாத்தா, மேல நிக்கிற பாக்கியம் அது பாட்டுக்குக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கா. சரி, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

எழுந்து பாக்கியத்தின் வாசலுக்குப் போனேன். "எனக்கு மட்டும் பதறலையா? பக்கத்து நிரையே காத்தாயிதான். அவளே அசையாம நிக்கிறா. அவளுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியப் போவுது?"

கேட்டாயா? காத்தாயி பாக்கியத்தைப் பார்த்தாள், பாக்கியம் காத்தாயியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் உள்ளே நடுக்கம், வெளியே ஒன்றும் இல்லை. ஒருத்தியின் கல்முகம் இன்னொருத்திக்குச் சாட்சியாகிவிட்டது. இரண்டு காலிச் சாக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல நின்றிருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு இரண்டும் நிறைந்த மூட்டை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். மலையில் வேலை எப்படி நடக்கும் என்று பட்டணத்தில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கு ஒரு வரிசை. அதுதான் நிரை. வேலை வாங்கும் கங்காணி விடும்வரை நிரையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் ஏச்சு, மீறினால் 'அரைப் பேர்', அதாவது அன்றைக்குப் பாதிக் கூலிதான். அடுத்தவள் நிரையை மிதித்துக்கொண்டு போவது அவள் சோற்றுத் தட்டைத் தாண்டுவதற்குச் சமம். சின்னப் பிள்ளையில் இருந்தே உடம்பில் ஊறின வழக்கம்.

நீ கத்தியதும் காத்தாயி ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மேலே பனிமூட்டத்துக்குள் இருந்து வீரமுத்துக் கங்காணி அதட்டினான்: "ஏய்! நிரைய விட்டு எறங்குன, காலை ஒடிச்சிருவேன்!"

எடுத்த காலை வைத்துவிட்டாள். கீழே இருந்த அத்தனை பேரும், கங்காணிக்குத் தெரிந்திருக்கிறது, போக வேண்டாம் என்கிறார், வேறு ஆள் அனுப்பியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வீரமுத்துவைப் பிடித்தேன். "யார்கிட்ட சொன்ன அத?"

"மேல் நிரையில ஒரு புள்ள, பேச்சுத் தொணைக்கு அடுத்த நிரைக்குத் தாவப் பாத்துச்சு மொதலாளி. அதத்தான் அதட்டுனேன். மூட்டத்துல எனக்குக் கீழ எதுவும் தெரியல. அக்கா விழுந்தது சத்தியமாத் தெரியாது."

"சத்தம் கேக்கலையா?"

"என்னமோ சத்தம் கேட்டுச்சு. ஆனா பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க? ஒண்ணுன்னா சும்மாவா இருப்பாங்கன்னு நெனச்சேன்."

கங்காணி போக விடாததால் ஒன்றுமில்லை என்று பெண்கள் நினைத்தார்கள். பெண்கள் பேசாமல் இருப்பதால் ஒன்றுமில்லை என்று கங்காணி நினைத்தான். யாருக்கோ போட்ட அதட்டலை உனக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் நீ தண்ணீரில் கிடந்தாய். அறைய ஒரு கன்னம் கிடைத்திருந்தால் அறைந்துவிட்டு ஆறியிருப்பேன். ஒரு கன்னமும் கிடைக்கவில்லை அக்கா. அதுதான் என்னைப் போட்டு எரிக்கிறது.

மீதி வாசல்களிலும் ஏறினேன். "யாராச்சும் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்." "ஒங்க அக்காவுக்கு வேண்டிய சனம் எத்தன பேரு நிக்கிறாங்க, நான் யாரு?" "நான் கடைசி நிரைங்க." ஓடைக்கரையில் உன்னோடு ஒரே ஒருத்தி நின்றிருந்தால், நான் போகாவிட்டால் இவள் செத்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பொறுப்பு முழுதும் அவள் தலையில் விழுந்திருக்கும். நாற்பது பேர் நின்றார்கள். ஒரு படி உப்பை நாற்பது வீட்டுக்குப் பங்கு வைத்தால் எந்த உலையிலும் உப்புக் கரிக்காது. அப்படி ஆகிவிட்டது உன் உயிர்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "விடுங்க மொதலாளி. இந்தச் சனமே அப்பிடித்தான். ஈரமில்லாத சனம். தொரையும் அதையேதான் சொன்னாரு."

அங்கேதான் எனக்கு உச்சிக்கு ஏறியது. "போன மழையில அப்புத்தளை வளைவுல என் வண்டி கவுந்துச்சே, தெரியுமா? வண்டிக்காரன் சக்கரத்துக்கு அடியில. சந்தைக்குப் போன ரெண்டு பொம்பளைங்கதான் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்கி அவன இழுத்துப் போட்டாங்க. அந்த ரெண்டு பேரும் யாரு? ஒங்க தோட்டத்து லயம். அதுல ஒருத்தி இந்தக் காத்தாயி. அன்னைக்கு ஈரம் இருந்துச்சு, இன்னைக்கு வத்திருச்சா?"

ஆளைக் குற்றம் சொல்வது சுலபம். ஆள் நின்ற இடத்தை, அந்த இடத்தில் யார் போட்ட சட்டம், எதற்குப் பயம், பக்கத்தில் எத்தனை முகம் என்பதைப் பார்க்க நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். தாழ்வான ஆள் என்று நாம் நினைத்துவிட்டவன் தவறினால் அது அவன் பிறவிக் குணம், நாம் தவறினால் மட்டும் அது சந்தர்ப்பம்! அதே கணக்கப்பிள்ளை, போன மாதம் தன் கையிலிருந்த விளக்கைத் தவறவிட்டபோது, தரை வழுக்கல் என்றாராம்.

லயத்துச் சனத்தையும் விட மாட்டேன். கொஞ்ச நாளில் அங்கே ஒரு பேச்சுக் கிளம்பியது. நீ அன்று மலையடியில் இருக்கும் முனியாண்டிக் கல்லைக் கும்பிடாமல் நிரையில் இறங்கினாயாம். பார்த்தது யார்? யாரும் இல்லை. ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதால் எல்லாரும் நம்புகிறார்கள். ஒருத்தியைக் கேட்டேன்: "நீ கும்புட்டியா அன்னைக்கு?" "நான் தெனமும் கும்புடுவேனுங்க" என்றாள் அவசரமாக. புரிந்தது. உன் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் தனக்கு அந்தக் கதி வராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். செத்தவள் மேல் பழி போட்டுத்தான் அந்தத் தூக்கத்தை வாங்குகிறார்கள். இது மன்னிக்கக்கூடியதா, நீயே சொல்?

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று கேட்பாய். கடையில்தான். புதுத் துணிக்கட்டு விரிக்கிற அன்று, அடுக்குக் கலையாமல் இருந்தால் ஒருத்தி கை வைக்க மாட்டாள். இரண்டு மூன்று துணியை நானே உருவிக் கலைத்துப் போடுவேன். யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து அடுத்தவள் எடுப்பாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பண்டாரவளைச் சந்தையில் கூட்டம் நிற்கிற கடைக்குத்தான் கூட்டம் போகும், பக்கத்துக் கடையில் அதே கருவாடு அதே விலைக்குக் கிடக்கும். மனிதன் தன் கண்ணை நம்புவதைவிட அடுத்தவன் கண்ணை நம்புகிறான். இதை வைத்துத்தான் நான் கடை கட்டினேன். இது தெரியாதவன் அல்ல நான். ஆனால் துணி விற்க உதவின இதே குணம் ஒருத்தியைக் கொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியதா?

இனி, நீ கேட்கக் காத்திருக்கும் சேதி. செல்லம்மாவைப் பற்றி.

உன் மகளை அதே மலையில், அதே ஓடைக்கரை நிரையில் நிறுத்திவிட்டார்கள். தாய் நிரை மகளுக்கு என்பது தோட்டத்து வழக்கமாம். சேதி கேட்டதும் ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தேன். உன் மகள் உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் வரல மாமா. கலியாணம் பேசி வச்சிருக்கு, இதே லயத்துல. ஒங்க கடைக்குப் பின்னால ஒக்காந்து நான் என்ன, ஈ ஓட்டவா?"

"ஒங்கம்மா கெடந்த எடம்டி அது."

"தெரியும். தெனமும் குனிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். அதுக்குப் பயந்தா அந்த நிரையில வேற ஒருத்தி நிப்பா. அவளும் ஒருத்தருக்கு மகதானே?"

திரும்பி வந்து, என் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். அந்தத் தோட்டத்துக்குப் போகிற வெற்றிலை, புகையிலை, பாக்கு வண்டியை நிறுத்தினேன். அந்த வழியில் ஓடுவது என் வண்டி மட்டும்தான். மலையில் குளிரில் நிற்கிற சனத்துக்கு வெற்றிலை எப்படி என்று உனக்குத் தெரியும். இரண்டு வாரம் லயம் கொதித்தது. பதுளைக்கே நடந்து வந்து நாலைந்து பேர் என் வாசலில் மண்ணைத் தூற்றினார்கள்.

"அக்கா செத்ததுக்கு எங்க வாயக் கட்டுறியே, நீ வெளங்குவியா?" என்றாள் ஒருத்தி.

"அன்னைக்கு அந்த வாயத் தொறந்து ஒரு கூப்பாடு போட்டிருந்தா இன்னைக்கு வெத்தலை மடிச்சிருக்கலாம்ல?" என்றேன்.

செல்லம்மாவும் ஆள் அனுப்பினாள். வாய்ச் சொல்லாக ஒரே ஒரு சேதி: "மாமா, வெத்தலைய நிறுத்துனா சனத்துக்குப் புத்தி வராது. வாய்தான் நமநமங்கும். ஒங்களத் திட்டும், அம்புட்டுத்தான். அம்மா நிரையில நிக்கிறது நான். எனக்கு ஆவுற மாதிரி எதாச்சும் செய்யுங்க."

சுருக்கென்று தைத்தது. இத்தனை வாசல் ஏறி இறங்கி, சனத்தின் குணத்தில் கோளாறு இல்லை, நிற்கவைத்த முறையில்தான் கோளாறு என்று கணக்கப்பிள்ளைக்குப் பாடம் சொன்னவன், தண்டனையை மட்டும் சனத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பண்டாரவளை ரயிலடியில் சரக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வண்டி ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. ரோட்டோரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். "யாராச்சும் வந்து தள்ளுங்கய்யா!" என்று வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். 'யாராச்சும்' என்று ஒருத்தர் அங்கே இல்லை. நான் இறங்கினேன். "ஏய், செவப்புத் தலப்பா! நீதான். வந்து எடது சக்கரத்தப் புடி. மீசைக்காரரே, நீங்க பின்னால." இரண்டு பேரும் தூக்கத்தில் இருந்து எழுந்தவர்கள் மாதிரி வந்தார்கள். அவர்கள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். வண்டி ஏறிவிட்டது. இது எனக்குப் பழைய வித்தை. இத்தனை வருஷம் வண்டிக்கு மட்டும் செய்துவந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பெரிய கங்காணி வீட்டுக்கு வண்டியை விட்டேன். அவர்தான் அந்தத் தோட்டத்துக் கங்காணிகளுக்கெல்லாம் தலைவர் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் போன சமயம் நல்ல சமயம். வெற்றிலை இல்லாத லயத்தின் முனகல் அவர் காதைத் துளைத்திருந்தது. அம்மன் திருவிழாவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மொதலாளி, கோவம் தணிஞ்சுதா?"

"தணியல. தணியவும் தணியாது. யாவாரம் பேச வந்திருக்கேன்."

சொன்னேன். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், காலையிலேயே, ஆபத்து என்றால் ஓட ஒருவரைக் குறித்துவிட வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "நாப்பது பேரு செய்யாதத ஒருத்தி செஞ்சிருவாளா?"

"ஒருத்தின்னா செய்வா. நாப்பது பேருன்னாத்தான் செய்ய மாட்டாங்க."

"நிரைய விட்டு எறங்கலாம்னு சொல்லிட்டா, பொழுதன்னைக்கும் எறங்குவாளுக. கொழுந்து யாரு எடுக்கிறது?"

"எல்லாருக்குமா கேக்குறேன்? ஒரு நாளைக்கு ஒரு ஆளு. அதுவும் மாறி மாறி."

"வீணா எறங்கினா?"

"எறங்கட்டும். ஒண்ணுமில்லைன்னு பாத்துட்டு வரட்டும். ஒண்ணுமில்லைன்னு கண்டுபிடிக்க ஒரு ஆளு எறங்கித்தானே ஆவணும்?"

தொரை என்ன சொல்வாரோ என்றார் அவர். தொரைக்குத் தெரிய வேண்டியது கொழுந்து எடை, அது குறையாது, குறைந்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து, "சரின்னு சொல்லித் தொலைங்க, வாயெல்லாம் புளிக்குது" என்றாள். அதற்குப் பிறகுதான் தலையாட்டினார்.

வீரமுத்துவின் ஆட்களுக்கு முதல் நாள் பெயர் சொன்னபோது நானும் களத்து ஓரத்தில் நின்றேன். கூப்பிட்டது காத்தாயியை. "இன்னைக்கு எது நடந்தாலும் ஓட வேண்டியது நீ" என்றான். அவள் அழுதாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவளைத் தேற்றவில்லை. தேற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை அக்கா. அவள் கெட்டவள் அல்ல என்று தெரியும். தெரிந்தும் வரவில்லை. அது ஒரு நாள் வருமா?

மாதம் ஒரு தரம், சொல்லாமல், விடியலில் அந்தக் களத்துக்குப் போய் நிற்பேன். என் கால் நடக்கிறவரை இது என் வாக்கு. நடக்க முடியாதபோது வண்டியில் வருவேன்.

பேசி முடித்தது இது. தினமும் பெரட்டில் ஆள் எடுத்ததும் ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு ஆபத்து என்றால் ஓட வேண்டியவர் அவர் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அவர் எவரையும் கேட்காமல் நிரையை விட்டு இறங்கலாம். அரைப் பேர் கிடையாது, ஏச்சும் கிடையாது, வீணாக இறங்கினாலும். என் பக்கம்: வெற்றிலை வண்டி புதன்தோறும் வரும், பழைய விலைக்கே. இந்த வருஷத் திருவிழாவுக்குக் கற்பூரமும் அம்மனுக்குச் சேலையும் என் செலவு. ஒரு நாள் காலையில் பெயர் சொல்லப்படவில்லை என்று செல்லம்மா சொல்லி அனுப்பினால், வண்டி அந்தப் புதனே நிற்கும். ஏன் என்று என்னை யாரும் கேட்கக் கூடாது.

உன் கூடப்பிறந்தவன், செல்லம்மாவுக்குத் தாய்மாமன்,
ராமசாமி, பதுளை.